தார்ப் பீப்பாய் மண்டபம்

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கிச் செல்லும் இரயில் பாதை 1886-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அக்காலத்தில் மலாயாவின் தண்டவாளங்களையும் சாலைகளையும் அமைத்தவர்களுள் தென்னிந்தியத் தொழிலாளர்கள் பலர். கோலாலம்பூர் பழைய இரயில் நிலையத்தின் குவிமாடங்களைச் சுற்றுப்பயணிகள் இன்றும் படம் எடுக்கின்றனர். பாதை போட்டவர்கள் வேலையிடத்தில் தங்கிய குடில்களையோ தேடினாலும் காண முடியாது.

இந்தியாவில் அத்தகைய குடிலைக் கலைக்கூடத்திற்குள் கொண்டு வந்தவர் ஷீலா கௌடா. 1957-இல் கர்நாடகத்தின் பத்ராவதியில் பிறந்த இவர், ஓவியம் பயின்றவர். ஆயினும், 1990-களில் மாட்டுச் சாணத்தைக் கொண்டு படைக்கத் தொடங்கினார். வீட்டு வாசலில் தெளிக்கும் சாணம் கலைப்பொருளாவதா என்று சிலர் முகம் சுளித்திருக்கலாம்.

இவரது 'டார்க்ரூம்', அதாவது 'இருட்டறை', 2006-இல் உருவானது. சாலை போடத் தார் பீப்பாய்களில் வருகிறது. காலியான பீப்பாய்களைத் தட்டித் தகடாக்கித் தொழிலாளர்கள் தங்களுக்குக் குடில் அமைத்துக் கொள்கின்றனர். ஷீலாவும் அதே பீப்பாய்களைத்தான் பயன்படுத்தினார். சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். சிலவற்றைத் தகடாக்கிச் சுவர் எழுப்பினார். வெளியிலிருந்து பார்த்தால் பழைய அரண்மனையின் தூண்வரிசை போலத் தோன்றும். உள்ளே போக வேண்டுமானால் குனிந்துதான் போக வேண்டும். அங்கே ஒரே இருட்டு. கூரையில் இடப்பட்ட சிறு துளைகளின் வழியே ஒளி கசிந்து, விண்மீன்களைப் போல மின்னும். இது மாளிகையா, குடிலா? இரண்டுமே என்று சொல்ல வைப்பதுதான் இப்படைப்பின் வலிமை.

2009-இல் வெனிஸ் கலைவிழாவில் வைக்கப்பட்ட 'பிஹோல்ட்' ஒரு நம்பிக்கையிலிருந்து பிறந்தது. பத்துமலையில் தைப்பூசத்தன்று முடி காணிக்கை செலுத்துவதை நாம் அறிவோம். இந்தியக் கோயில்களிலும் இவ்வழக்கம் உண்டு. நீண்ட முடி, பொய்முடி செய்ய விற்கப்படும். மனித முடியால் திரித்த கயிற்றை, எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவதைப் போல, கண்ணேறு படாதிருக்க வாகனத்தின் பம்பரில் கட்டுவோரும் உளர். ஷீலா ஏறத்தாழ 4,000 மீட்டர் முடிக்கயிற்றைக் கொண்டு, சுமார் 20 கார் பம்பர்களைச் சுவரில் தொங்கவிட்டார். வண்டியைக் காக்கக் கட்டும் கயிறு இங்கே அதன் இரும்பையே சுமக்கிறது. இப்படைப்பு இப்பொழுது இலண்டனிலுள்ள டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.