நகத்தில் ஒரு மறு

மறு என்னும் சொல் தமிழில் இரு முகம் உடையது. திங்களின் களங்கத்தையும் மறு என்பர். திருமாலின் மார்பில் விளங்கும் திருவடையாளத்தையும் மறு என்பர். குறையும் சிறப்பும் ஒரு சொல்லில் உறைதலின், எது எதுவென ஆராய்ந்து அறிதல் நம் கடன். இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது ஒரு சிறுமியின் விரல்.

ஸ்கந்தபுரத்தில் என்னிடம் பயிலும் அச்சிறுமி, எழுதும்போதும் பெருவிரலை மறைத்துக்கொள்வாள். அதன் நகத்தில், அடியிலிருந்து நுனிவரை மைக்கோடு இழுத்தாற்போல் ஒரு பட்டை இருந்தது. பாட்டி அதனை அதிர்ஷ்ட ரேகை என்றார். தந்தையோ புற்றுநோயென நடுங்கி, "ஐயா, நகத்தைக் கழற்றிவிட்டால் போகாதோ?" என்று கண்கலங்கினார்.

போகாது. நகத்தின் வேரில் நிறமிக் கலங்கள் திரண்டு மச்சமாகும்போது, வளரும் நகம் அந்நிறத்தை ஏந்தி வருகிறது. கழற்றினும் பட்டை மீண்டும் தோன்றும். அடிபட்டுக் கன்றிய கறை அவ்வாறன்று. கைந்நகம் திங்களுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளர்தலின், அக்கறை சில திங்களில் நுனிக்கு நகர்ந்து ஒழியும்.

நகத்தின் கருமை அருகிலுள்ள தோலிலும் பரவுதல் கொடிய புற்றின் அறிகுறியாகலாம் என்று, 1886ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் ஜொனதன் ஹட்சின்சன் எழுதினார். வளர்ந்தோர்க்கு இன்றும் அஃது எச்சரிக்கையே. ஜமேக்காப் பாடகர் பொப் மார்லி, கால்விரல் நகத்தடியில் தோன்றிய புற்று உடலிற் பரவ, 1981இல் தமது 36ஆம் அகவையில் மறைந்தார்.

குழந்தைகளிடம் அளவுகோல் வேறு. தீங்கற்ற மச்சமும் அவர்கள் நகத்தில் அகன்று கறுக்கும், தோலிலும் படரும், ஆண்டுகள் செல்லத் தானே மங்குதலும் உண்டு. நகப்புற்று அவர்களிடம் மிக மிக அரிது. நகவேரை அறுத்துச் சோதித்தலோ நகத்தை வாழ்நாள் முழுதும் உருக்குலைக்கக் கூடும். ஆதலின் தோல்நோய் வல்லுநர் முதலில் ஒளிபெருக்கிக் கருவியால் நோக்கிப் படம் எடுத்துவைத்து, குறித்த இடைவெளிகளில் ஒப்பிடுதலையே பெரும்பாலும் விரும்புவர். பட்டை விரைந்து அகலினும், நகம் பிளப்பினும், குருதி கசியினும் காலந்தாழ்த்தாது மீண்டும் காட்டுதல் வேண்டும்.

அச்சிறுமியைக் கண்ட மருத்துவரும் காத்திருக்கவே சொன்னார். தந்தை இன்று பட்டையை அளந்து, நாட்குறிப்பில் எழுதி வருகிறார். அதிர்ஷ்டமென்று வாளாவிருத்தலும் எளிது. அஞ்சி அறுத்தலும் எளிது. விழிப்போடு பொறுத்திருத்தல் அன்றோ அரிது! அதைப் பெரியவர்கள் கற்றுக்கொண்ட பின், அவள் விரலை மறைப்பதில்லை.