வகுப்புக்கு உரியதும் பொருளுக்கு உரியதும்

கணினி நிரல் எழுதப் பழகுவோர் ஜாவா மொழியில் தொடக்கத்திலேயே சந்திக்கும் சொற்களுள் ஒன்று 'ஸ்டாட்டிக்'.

'மாணவர்' என்றொரு வகுப்பை அமைப்பதாகக் கொள்வோம். இங்கே வகுப்பு என்பது நாம் சனிக்கிழமை தோறும் அமரும் அறையன்று; பொருள்களை வார்த்தெடுக்கும் அச்சு. அவ்வச்சிலிருந்து கவிதா, இளங்கோ என இரு பொருள்கள் பிறக்கின்றன. பெயரும் புள்ளிகளும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உண்டு. 'தொகை', அதாவது மொத்த மாணவர் எண்ணிக்கை, எவருக்கும் தனியுடைமை அன்று. அது வகுப்புக்கே உரியது. நினைவகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இத்தகையதே ஸ்டாட்டிக் உறுப்பு.

ஆகவே 'மாணவர்.தொகை' என்று எழுதுவதே முறை. ஆயினும், 1995இல் வெளிவந்த ஜாவா, 'கவிதா.தொகை' என்றெழுதினாலும் ஏற்றுக்கொள்கிறது. கம்பைலர் என்னும் மொழிமாற்றி, கவிதா எந்த வகுப்பைச் சார்ந்தவள் என்று மட்டும் பார்த்து, வகுப்பின் உறுப்பை எடுத்துக்கொள்கிறது. கவிதா எப்பொருளையும் சுட்டாத வெறுமையாய், 'நல்' ஆக இருப்பினும் அவ்வரி தடையின்றி இயங்கும்! 'கவிதா.தொகை = 0' என்று எழுதினாலோ, இளங்கோவிடம் கேட்டாலும் சுழியமே விடையாக வரும்.

இது வெறும் இலக்கண நுணுக்கமன்று. ஒரு விளையாட்டு நிரலில் ஓர் இழை படத்தை நகர்த்துகிறது. மற்றோர் இழை இசையை ஒலிக்கிறது. இவ்விழைகளை ஜாவாவில் 'திரெட்' என்பர். இசையை ஐந்து நொடி நிறுத்த விரும்பிய ஒருவர், படத்தை நகர்த்தும் இழையினுள் 'இசை.ஸ்லீப்(5000)' என்று எழுதுகிறார். படிப்போர் கண்ணுக்கு அது சரியாகவே தோன்றும். ஆனால் 'ஸ்லீப்' ஸ்டாட்டிக் ஆதலால், அவ்வரியை இயக்கும் இழையே உறங்கும். படம் உறைந்து நிற்க, இசையோ தொடர்ந்து ஒலிக்கும். பிழைச்செய்தி ஏதும் வராது. தேடித் தேடிக் களைப்பதே மிச்சம்.

சி பிளஸ் பிளஸ் மொழியும் இதனை அனுமதிக்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000இல் அறிமுகப்படுத்திய சி சார்ப் அனுமதிப்பதில்லை. மொழிமாற்றத்தின்போதே பிழையென்று தடுத்துவிடுகிறது. அதன் வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பர்க் பங்குகொண்டு 2012இல் வெளிவந்த டைப்ஸ்கிரிப்டிலும் இது பிழையே. இக்கண்டிப்பே நன்றென்பது எம் கருத்து. ஜாவா பயில்வோர் மொழிமாற்றியை இயக்கும்போது 'எக்ஸ்லின்ட்' என்னும் தெரிவைச் சேர்த்துக்கொள்ளலாம். நிரலை மறுக்காவிடினும், இத்தகைய வரிகளை எச்சரிக்கையோடு அது சுட்டிக்காட்டும்.