இயந்திரத்தின் சாவி யார் கையில்?

சிறுமலையை அண்டி வாழும் நம் நெசவாளர்க்கு ஜக்கார்டு அட்டையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. துளையுள்ள இடத்தில் கொக்கி உயர்ந்து பாவு நூலைத் தூக்குகிறது. துளையில்லாத இடத்தில் நூல் கீழேயே நிற்கிறது. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-இல் அமைத்த இம்முறையை, கம்ப்யூட்டர் ஏவலால் இயங்கும் இன்றைய லேத், மில்லிங் இயந்திரங்களுக்கு முன்னோடி எனலாம்.

அட்டைக்குப் பதிலாக அவ்வியந்திரங்களுக்கு எழுத்தும் எண்ணுமாகக் கட்டளை தரப்படுகிறது. மில்லிமீட்டர் கணக்கில் ‘ஜி1 எக்ஸ்50 எஃப்100’ என எழுதினால், நிமிஷத்துக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கருவி 50 என்னும் குறிக்கு நேர்கோட்டில் செல்லும். இக்கட்டளையைப் படித்து மோட்டார்களை இயக்குவது ஒரு மென்பொருளாகும். அதன் உள்ளமைப்பைப் பெரும்பாலும் கம்பெனிகள் மறைத்தே வைக்கின்றன. பழுது நேரின் கம்பெனி ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். கம்பெனி கைவிட்டால் நல்ல இயந்திரமும் முடங்கும்.

இதற்கு மாற்று உண்டு. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 1990-களில் உருவாக்கிய கட்டுப்பாட்டு மென்பொருளொன்று பொதுச்சொத்தாக வெளிவந்தது. தொண்டர்கள் பலர் அதனை வளர்த்தனர். இன்று அது ‘லினக்ஸ்சிஎன்சி’ என வழங்குகிறது. யாவரும் அதனைப் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர் மூலநிரலையும் உடன் வழங்க வேண்டும் என்பதே நிபந்தனை. நெசவுக்கும் இத்தகையதொன்று உண்டு. மத்திய அரசைச் சார்ந்த டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷனின் ‘டிஜிபுனாய்’, ஜக்கார்டு, டாபி நெசவுகளுக்கான டிசைன்களைக் கம்ப்யூட்டரில் அமைக்க உதவும் திறந்த மென்பொருளாகும்.

சிறுமலை வாழைக் கன்றை அயலாருக்கு ஈவதால் நம் தோட்டம் குறைவதில்லை; ஆயினும் பெற்றவர் நீர் பாய்ச்சி வளர்த்தாக வேண்டும். இதுவும் அவ்வாறே. விலையில்லை என்பதால் செலவே இல்லை என எண்ணற்க. தகுந்த கம்ப்யூட்டரும் மோட்டாரும் வேண்டும். பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான், மென்பொருளை மட்டும் நம்பியிராமல், மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தையே துண்டிக்குமாறு அமைதல் அவசியம்.

சர்வதேசக் கூட்டுறவு ஸ்தாபனம் 1995-இல் ஏற்ற ஏழு கொள்கைகளுள் நான்காவது, தன்னாட்சியும் சுதந்திரமும் ஆகும். கடன் தருவோருக்கு அடிமையாகாதிருக்கச் சங்கம் கண்ட நாம், கருவி தருவோருக்கு அடிமையாகலாமோ? ஆகவே இயந்திரம் வாங்கத் தீர்மானிக்குமுன், விலையோடு மூன்று கேள்விகளையும் அங்கத்தினர்கள் மகாசபையில் எழுப்புதல் நன்று. இதன் மென்பொருளை நாம் திருத்தலாமா? நம் டிசைன்களை வேறு இயந்திரத்துக்கு மாற்றலாமா? பழுது பார்க்க நம்மூர் இளைஞரைப் பயிற்றலாமா?

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்கு உரியது நமது திண்டுக்கல். சாவியின் அருமையை நம்மவர்க்கு எடுத்துரைக்கவும் வேண்டுமோ!