ஊர் மருத்துவரைத் தேடிச் செல்லும் வகுப்பறை

மருத்துவக் கல்வி பட்டத்தோடு முடிவதில்லை. புதிய மருந்துகளும் சிகிச்சை முறைகளும் வந்துகொண்டே இருப்பதால், மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் அனைவரும் பணிக்காலம் முழுவதும் படித்தாக வேண்டும். பெரிய மருத்துவமனைகளுக்குத் தொலைவில் பணிபுரிவோரிடம் அந்தப் படிப்பைத் தகவல் தொழில்நுட்பத்தால் கொண்டுசேர்க்க முடியும் என்று காட்டியது, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உருவான ‘எக்கோ’ திட்டம்.

நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் கல்லீரல் நிபுணர் சஞ்சீவ் அரோரா 2003இல் இதைத் தொடங்கினார். ஹெப்படைட்டிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பலர் வெகுதூரம் பயணம் செய்து வந்தார்கள். இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவைரின் மாத்திரையும்தான் அன்றைய சிகிச்சை. இரத்தசோகை, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளைச் சமாளிக்கும் பயிற்சி ஊர் மருத்துவர்களுக்கு இல்லை.

வாரந்தோறும் குறித்த நேரத்தில் ஊர்ப்புற சுகாதார மையங்களும் சிறை மருத்துவமனைகளும் காணொளியில் பல்கலைக்கழகத்தோடு இணைந்தன. மருத்துவர்கள் தங்கள் நோயாளியின் நிலையை, பெயரை வெளியிடாமல், விவரித்தார்கள். கல்லீரல், மனநலம், மருந்தியல் நிபுணர்கள் ஆலோசனை கூறினார்கள். கூடவே ஒரு சிறு பாடமும் நடந்தது. ஒருவர் கொண்டுவந்த சிக்கலிலிருந்து எல்லா மையங்களும் கற்றுக்கொண்டன.

தொலைமருத்துவத்தில் நிபுணர் நோயாளியைத் திரையில் பார்த்துச் சிகிச்சை சொல்கிறார். எக்கோவில் அவர் மருத்துவருக்குக் கற்றுத்தருகிறார். சிகிச்சைப் பொறுப்பு ஊர் மருத்துவரிடமே இருக்கிறது. இப்படித் தேர்ச்சி பெற்ற ஒருவர் அடுத்தடுத்து வரும் நோயாளிகளுக்கும் பயன்படுகிறார்.

பலன் அளந்து பார்க்கப்பட்டது. 407 நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2011இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. சிகிச்சைக்குப் பின் வைரஸ் நீங்கியவர்கள் பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம்; எக்கோ மையங்களில் 58.2 சதவீதம். ஊர் மருத்துவரின் சிகிச்சை நிபுணரின் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை.

பிறகு நீரிழிவு, காசநோய், எச்.ஐ.வி. எனப் பல துறைகளுக்கும் பல நாடுகளுக்கும் இம்முறை பரவியது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் மனநலத்திலும் போதைப்பழக்க சிகிச்சையிலும் இவ்வழியில் பயிற்சி தருகிறது.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கேமராவும் இணைய இணைப்பும் போதும். உண்மையான நோயாளியின் சிக்கல், வாரம் தவறாத சந்திப்பு, கேள்விக்குப் பதில் சொல்லும் ஆசிரியர் ஆகிய மூன்றும்தான் இதைக் கல்வியாக்குகின்றன. தொழில்நுட்பத்துக்குச் செலவிடும் மருத்துவக் கல்வி நிறுவனங்கள் ஆசிரியரின் நேரத்தையும் இதற்கென ஒதுக்க வேண்டும்.