விமான எரிபொருள் எத்தனை டிகிரியில் உறையும்? பறக்கும் முன் போடப்படும் கணக்கு இதுதான்!

2008 ஜனவரி 17. பெய்ஜிங்கில் இருந்து 152 பேருடன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777, லண்டன் ஹீத்ரோவில் ஓடுபாதைக்கு சுமார் 330 மீட்டர் முன்பே புல்தரையில் விழுந்தது. கடைசி நிமிடத்தில் இரண்டு என்ஜின்களுக்கும் போதிய எரிபொருள் போகவில்லை. நல்லவேளை, யாரும் உயிரிழக்கவில்லை.

'குளிர்ல எரிபொருள் உறைஞ்சிருக்கும்' என்றுதானே தோணும்? அது உண்மையா?

உறைநிலை என்றால் என்ன?

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையும்போது கவனிச்சிருக்கீங்களா? ஒரே நொடியில் கட்டியாகாது. முதலில் கலங்கும், அப்புறம்தான் இறுகும். விமான எரிபொருளும் அப்படித்தான். அது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை என்பதால், முதலில் மெழுகுத் துணுக்குகள் தோன்றும்.

ஆய்வகத்தில் மாதிரியை அந்தத் துணுக்குகள் வரும் வரை குளிர்விக்கிறார்கள். பிறகு மெல்ல சூடேற விடுகிறார்கள். கடைசித் துணுக்கு மறையும் வெப்பநிலைதான் உறைநிலை. இந்தியாவில் நிரப்பும் ஜெட் ஏ-1 ரகத்துக்கு இது மைனஸ் 47 டிகிரி அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஜெட் ஏ ரகத்துக்கு மைனஸ் 40.

இரண்டும் கலந்தால்?

சிக்கலே இங்கதான். டேங்கில் மீதமிருக்கும் ஜெட் ஏ மேல் ஜெட் ஏ-1 ஊற்றினால் சராசரி போட்டு மைனஸ் 43.5 என்று சொல்லிவிட முடியாது. கலவையின் உறைநிலை நேர்க்கோட்டில் மாறாது. அதனால் சந்தேகம் இருந்தால் முதலில் உறையக்கூடிய ரகத்தின் அளவையே, அதாவது மைனஸ் 40-ஐயே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. அதற்கும் 3 டிகிரி மேலே, மைனஸ் 37-ல் எல்லைக்கோடு. எரிபொருள் அதை நெருங்கினால் விமானி உயரத்தைக் குறைப்பார், அல்லது வேகத்தைக் கூட்டுவார். வேகம் கூடினால் காற்று மோதி இறக்கை கொஞ்சம் சூடாகும்.

அப்போ ஹீத்ரோவில் நடந்தது?

அந்த விமானத்தின் எரிபொருள் மைனஸ் 57-ல்தான் உறையும். பயணத்தில் அது தொட்டதோ மைனஸ் 34. ஆக, எரிபொருள் உறையவே இல்லை! உறைந்தது அதில் கலந்திருந்த துளி நீர். அந்தப் பனித்துகள்கள் எரிபொருளைச் சூடாக்கும் கருவியின் வாயிலேயே அடைத்துக்கொண்டன என்பதே விசாரணையின் முடிவு. பிறகு அந்தக் கருவியின் வடிவமைப்பே மாற்றப்பட்டது.