வேலையோடு முதுகலை: படி தவறாமல் ஏறுங்கள்



தாம்பரம் தொடங்கிக் காட்டாங்குளத்தூர், மறைமலைநகர் வரை வாழும் நம் குடும்பங்களில், பணியில் இருந்துகொண்டே முதுகலை பயில விரும்புவோர் பலர். பள்ளி ஆசிரியை, அலுவலக எழுத்தர், ஆலைத் தொழிலாளர், பள்ளிவாசல் இமாம் என அவர்கள் பலதரப்பட்டவர்கள். காட்டாங்குளத்தூரிலேயே பெரியதொரு பல்கலைக்கழக வளாகம் இருந்தும், பகல் வகுப்பில் சென்று அமர இவர்களுக்கு நேரமேது? இவர்களுக்கு வாய்த்த வழி அஞ்சல்வழிக் கல்வியே. அதில் சேருமுன் அறிய வேண்டிய மூன்று செய்திகளைச் சொல்லவே இக்கட்டுரை.

இவ்வழி நேற்று முளைத்ததன்று. 1962ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகம் இதைத் தொடங்கிற்று. 1971இல் மதுரைப் பல்கலைக்கழகமும், 1981இல் சென்னைப் பல்கலைக்கழகமும் இத்துறையில் இறங்கின. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பின்னதன் தலைமையகம் சைதாப்பேட்டையில் உள்ளது. காட்டாங்குளத்தூரில் மின்சார ரயில் ஏறினால் அதே தடத்தில் சென்று இறங்கிவிடலாம்.

அங்கீகாரம் உண்டா?

'தபாலில் வந்த பட்டம்தானே' என்று ஏளனம் பேசுவோர் இன்றும் உளர். அவர்கள் பேச்சுக்குச் செவி சாய்க்க வேண்டாம். முறையான அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம், கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டத்திற்கு இணையானது என்று 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துள்ளது.

ஆனால், 'முறையான அங்கீகாரம்' என்னும் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாயிருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பாடத்திற்கு, நீங்கள் சேரும் ஆண்டில் அனுமதி உண்டா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவினது இணையதளத்தில் பார்த்தறியுங்கள். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் குறித்து 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பளித்தது. பட்டம் பெற்று ஆண்டுகள் பல கடந்தபின், பணியில் இருந்தோரும் கலங்கி நின்றனர். தெருமுனைப் படிப்பு மையத்தின் விளம்பரப் பலகையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

படிகள் வரிசையாக உள்ளனவா?

இது மத்ரஸாவில் ஓதி முடித்த நம் ஆலிம்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. முற்காலத்தில் சில திறந்தநிலைத் திட்டங்கள், இளங்கலைப் பட்டம் இல்லாதவர்களையும் வயதின் அடிப்படையில் நேரே எம்.ஏ. வகுப்பில் சேர்த்துக்கொண்டன. அவ்வாறு பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்பு, மேல்நிலை, இளங்கலை என்னும் வரிசையில் பயின்று பெற்ற பட்டத்தையே வேலைவாய்ப்பிற்கு ஏற்பதாக அதே ஆண்டில் தமிழக அரசும் ஆணை பிறப்பித்தது.

ஆகவே, பத்தாம் வகுப்பு எழுதாத ஆலிம் மனம் தளராமல் அங்கிருந்தே தொடங்கட்டும். தனித்தேர்வராக எழுதலாம், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாகவும் பத்தாம் வகுப்பையும் மேல்நிலையையும் முடிக்கலாம். சில ஆண்டுகள் கூடுதலாகும் என்பது உண்மையே. ஆயினும் படி தாண்டிப் பெற்ற பட்டம், வேண்டும் வேளையில் கைகொடுக்காமற் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

நேரம் உண்டா?

இனிக் கணக்கிற்கு வருவோம். தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 64 கிரெடிட் கொண்ட ஒரு முதுகலைப் படிப்பு எனில் மொத்தம் 1,920 மணி நேரம். இரண்டாண்டுகளில் முடிக்க வாரத்திற்குச் சற்றேறக்குறைய 18 மணி நேரம் வேண்டும். பஜ்ருக்குப் பின் ஒரு மணி, இரவில் ஒரு மணி என நாளுக்கு இரண்டு மணி ஒதுக்கினாலும் வாரத்தில் 14 மணியே தேறும். மீதம் நான்கு மணியை விடுமுறை நாளில்தான் ஈடுகட்ட வேண்டும்.

இயலவில்லையெனில் அஞ்ச வேண்டாம். இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு முதுகலையை நான்காண்டுகள் வரை நீட்டித்து முடிக்கலாம். அங்கே ஆண்டுதோறும் ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு நடைபெறும். வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கும் மதிப்பெண் உண்டு. அவற்றைக் கடைசி நாளுக்கெனத் தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே குடும்பத்தாரிடமும் ஒரு சொல். அலுவலகம் விட்டு வந்து, அடுப்படி வேலையும் முடித்து, பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும் பெண்ணுக்கு மேற்கண்ட கணக்கு எப்படிப் பொருந்தும்? அவள் படிக்கும் நேரத்தில் பிள்ளைகளைக் கணவர் கவனித்துக்கொள்ளட்டும். இரவுச் சமையலை மாமியார் ஏற்கட்டும். வாரத்திற்கு 18 மணி நேரத்தை ஒருவர் தனியே தேடிக்கொள்ள இயலாது. வீடு முழுவதும் சேர்ந்தே தர வேண்டும்.

சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்புமுன், ஒரு வெள்ளிக்கிழமை மாலை குடும்பத்தோடு அமர்ந்து இம்மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை கிடைத்தால், தயங்காமல் கட்டணத்தைச் செலுத்துங்கள்.