டிராக்டர் என்ஜின் படுத்துவிட்டால்?

உழவு நேரத்திலே டிராக்டர் என்ஜின் படுத்துவிட்டால், அதையே பிரித்து வேலை பார்ப்பதா, வேறு என்ஜின் வாங்கி மாட்டுவதா என்று கையைப் பிசைந்து நிற்போம். அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் கழற்றி, அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நீலப்புகை வந்ததா? பெரும்பாலும் ரிங், லைனர் தேய்மானந்தான். பல டிராக்டர்களில் லைனரைத் தனியாக மாற்றிவிடலாம். தேய்ந்த கிராங்க் ஷாப்டையும் 0.010, 0.020 அங்குலம் என்று கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போடலாம். பிளாக் நன்றாக இருந்தால் பழைய என்ஜினைக் கைவிட வேண்டாம்.

ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கேஸ்கட்டா, லைனர் ரப்பர் வளையமா, பிளாக் விரிசலா என்று பார்க்கணும். முதல் இரண்டும் மாற்றக்கூடியவை. பிளாக் பெரிதாக வெடித்திருந்தாலோ, கனெக்டிங் ராடு உடைந்து அதைத் துளைத்திருந்தாலோ, வேறு என்ஜின்தான் கட்டுப்படியாகும். அதை ஓடவிட்டுப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். என்ஜின் நம்பரை ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள்.

எதைச் செய்தாலும் கெட்டுப்போன காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஏர் கிளீனர் வழியாகப் புழுதி போயிருந்தால், அதைச் சரிசெய்யாமல் போடுகிற புது லைனரும் சீக்கிரமே தேய்ந்துபோகும்.